அம்மா சேர்த்து வாசித்த பக்கங்கள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? உன் முழங்கால் படி ஏற விடுகிறதா? நீ சமைக்கிற மெஸ்ஸில் உனக்கு உதவிக்கு இருந்த பெண் நின்றுவிட்டாள் என்று எழுதியிருந்தாய். வேறு ஆள் கிடைத்ததா?

பாப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. மூன்றாவது தடவை. அதே ஏழாவது மாடி, அதே வார்டு, கட்டில் மட்டும் வேறு. இந்த முறை ஜன்னல் பக்கம் கிடைத்தது. ரத்தத்தில் இருந்த கெட்டதெல்லாம் போன முறையே போய்விட்டது என்றார்கள். போகவில்லையாம், ஒளிந்திருந்ததாம். புது மருந்து ஏற்றுகிறார்கள். அது ஏறினால் அவளுக்குக் கண் மங்குகிறது. ஒரு வரி இரண்டு வரியாகத் தெரிகிறதாம். எப்போதும் எதையாவது படித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை, இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். "அம்மா, நீ ரெண்டு பேரா தெரியுற. ஒருத்தி போய் வேலையப் பாரு, இன்னொருத்தி இங்க உக்காரு" என்கிறாள். பதினேழு வயதாகியும், உடம்பு இப்படி ஆகியும், அந்த வாய் மட்டும் இளைக்கவில்லை.

சலவைக் கடையில் முதலாளி எனக்குக் காலை வேலை மட்டும் கொடுத்திருக்கிறார். நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார். பழையதை விடக் கனம் குறைவு, கைக்கு நல்லது. ஆனால் அடியில் தண்ணீர் சொட்டுகிறது. மெல்லிய துணியில் சொட்டினால் கறை. அதனால் முதலில் ஒரு பழைய துண்டில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் சட்டையில் வைக்கிறேன். முதலாளி அதற்கும் முனகுகிறார்.

இங்கே லிஃப்ட் ஓட்டுகிற பையன் ஒருவன் பாப்பாவுக்குக் கதைப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறான். அவளால் படிக்க முடியாததால் என்னை வாசிக்கச் சொல்கிறாள். நான் எங்கே வாசிக்க? ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஜனவரி 23

என் தங்கைக்கு,

நானும் என் முழங்காலும் சேர்ந்தேதான் இருக்கிறோம், பிரிகிற யோசனை இல்லை. உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. சாப்பிட வருகிற ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், எனக்குக் கை கூடவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பொய் எழுதாதே, எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தில் பாதி இஸ்திரிப் பெட்டி. அது எங்கே சொட்டுகிறது, எப்படிச் சொட்டுகிறது எல்லாம் தெரிந்துகொண்டேன். நம் மகளைப் பற்றி எழுதச் சொன்னால் உன் கை ஏன் இப்படி ஓடி ஒளிகிறது?

அப்புறம், லிஃப்ட் ஓட்டுகிற பையன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நழுவிவிட்டாய். யார் அவன்? என்ன வயது? லிஃப்டை ஓட்டுகிறவன் லிஃப்டை ஓட்டாமல் ஏன் புத்தகம் கொடுக்கிறான்? நம் அம்மா இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள், இதைவிடச் சத்தமாகக் கேட்டிருப்பாள்.

புத்தகத்தை வாசி. தப்பாக வாசித்தால் யார் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றப் போகிறார்கள்?

டாக்டர் எது சொன்னாலும் செய்யச் சொல்லு. இருக்கிற மருந்தெல்லாம் ஏற்றச் சொல்லு. களைப்பாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் இளகிவிடாதே. பாதியில் மட்டும் விடக்கூடாது. நம் வாயாடிக்குப் பெரியம்மாவின் முத்தம். கன்னத்தில் கொடு, நெற்றியில் கொடுத்தால் துடைத்துவிடுவாள்.

அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வார்டில் உட்கார்ந்து படித்துச் சிரித்தேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்து அவர் பார்த்ததில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? நான் நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். நம்பு.

பையனுக்குப் பத்தொன்பது வயது. அப்பா அம்மா இல்லை, சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன். யாருக்கோ தைத்த சீருடையைப் போட்டிருக்கிறான், தோள் முழங்கை வரை இறங்கிக் கிடக்கிறது. நாள் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து "மேலயா கீழயா?" என்று கேட்டுப் பொத்தானை அமுக்குவதுதான் வேலை. பாப்பா அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டாள். ஸ்கேன் எடுக்க அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோகும்போதெல்லாம் அவன் லிஃப்டில்தான் போக வேண்டும். அப்படித்தான் பழக்கம்.

வரிக்கு அடியில் விரல் வைத்து வாசிக்கிறேன். நீளமான சொல் வந்தால் நின்றுவிடுவேன், பாப்பா கண்ணை மூடிக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள். இந்த வயதுப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிற கதையாம். ஒரு பெண், ஒரு பையன், ஒரு சைக்கிள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண்ணுக்கு நுரையீரலில் வியாதி என்று வந்தது. எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களை மட்டும் படித்துப் பார்த்தேன். அந்தப் பெண் செத்துப்போகிறாள் அக்கா.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் லிஃப்டில் ஏறினேன்.

"மேலயா கீழயா?" என்றான்.

"எங்கயாவது போ. உனக்கு அறிவிருக்கா? படுத்துக் கிடக்கிற பொண்ணுக்கு இப்படி ஒரு புஸ்தகமா குடுப்ப?"

"நல்லா இல்லையாம்மா?"

"அந்தப் பொண்ணு செத்துப் போறாடா கடைசியில!"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அட்டையில ரெண்டு பேரும் சைக்கிள்ல சிரிச்சுக்கிட்டே போறாங்கம்மா. அதப் பாத்துத்தான் வாங்கினேன். நான் படிக்கல. சத்தியமா படிக்கல."

ஏழாவது மாடி வந்தது, கதவு திறந்தது, நான் இறங்கவில்லை. கீழே போனோம். மறுபடி மேலே வந்தோம். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லார் முன்னாலும் திட்டினேன். கைத்தடியோடு ஏறிய ஒரு பெரியவர், "என்னம்மா, மாப்பிள்ளையா?" என்று கேட்டார். அப்புறம்தான் வாயை மூடினேன். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது மட்டும் சிவந்திருந்தது.

இனி நிறுத்தவும் முடியாது. பாப்பா தினமும் "அப்புறம்?" என்கிறாள். அதனால் ஒன்று செய்தேன். வியாதி முற்றுகிற பக்கம் வந்ததும் விரலை வரியில் வைத்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு மருந்து பிடித்துவிட்டது, நன்றாகப் பசி எடுத்தது, இரண்டு முட்டை சாப்பிட்டாள் என்று வாசித்தேன். பாப்பா ஒன்றும் கேட்கவில்லை. தூங்கிவிட்டாள்.

செய்தது தப்பா, அக்கா?

உன் தங்கை

*

பிப்ரவரி 17

என் தங்கைக்கு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறேன். நீயும் கொஞ்சம் கால் நீட்டிப் படு.

என்ன தப்பு? நன்றாகச் செய்தாய். நானாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு நாலு முட்டை கொடுத்திருப்பேன். காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற கதையில்கூடவா பிள்ளைகளைச் சாகடிப்பார்கள்? எழுதினவருக்கு வேறு வேலை இல்லையா? உன் கடிதத்தை மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். லிஃப்ட் இடத்தில் அவர் சிரித்துச் சிரித்து, கையிலிருந்த தட்டுகளைப் போட்டுவிட்டார்.

பையன் நல்லவன் மாதிரிதான் தெரிகிறது. ஆனாலும் கண் வைத்திரு.

ஒரு மாதத்துக்கு மேலாக மருந்து ஏறுகிறது. கேட்கிறதா கேட்கவில்லையா? நீ அதை எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அதை எழுது.

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டதால் கடையில் துணி காயவில்லை, ஈரத் துணியை இஸ்திரியிலேயே காய வைக்க வேண்டியிருக்கிறது. தோள் விட்டுப்போகிறது. உனக்கு எப்படி இருக்கிறது? உன் ஊர்க் குளிரில் முழங்கால் அதிகமாக வலிக்குமே.

கதை நன்றாகப் போகிறது. புத்தகம் முடிந்து பல நாளாகிறது, நான் பழைய பக்கங்களையே திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? அந்தப் பெண் குணமாகி வேலைக்குப் போகிறாள். அந்தப் பையனுடைய அம்மா வருகிறாள். கல்யாணப் பேச்சு வருகிறது. பாப்பா நடுநடுவே கேள்வி கேட்கிறாள். "அந்தப் பையன் அவ கையப் பிடிச்சானா இல்லையா? இவ்ளோ நாளாச்சு." நான் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்து, "பிடிச்சான்" என்றேன். "எந்தக் கை?" என்றாள். "வலது கை." "வலது கையில ஊசி இருக்கும்மா. இடது கைன்னு இருக்கும், நல்லாப் பாரு" என்றாள். இடது கைதான் என்று வாசித்தேன்.

பார்வையாளர் நேரத்தில் அவனும் வந்து கட்டிலின் கால் பக்கம் நின்று கேட்கிறான். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும். நான் எங்கேயாவது தடுமாறினால், "ஆமாம்மா, அந்த இடத்துல சைக்கிள் பஞ்சராகும்ல" என்று எடுத்துக் கொடுக்கிறான். நான் பிடித்துக்கொள்வேன்.

போன வாரம் அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். அவளைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் அருகே போனபோது நர்ஸ் ஏதோ காகிதத்துக்காக என்னைக் கூப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தால், லிஃப்ட் கதவு திறந்தபடியே இருந்தது. இவள் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்திருந்தாள், அவன் அதன் மேல் தன் கையை வைத்திருந்தான். இடது கை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாடி எண் எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையில் ஒரு முடி இல்லை அக்கா, உதடெல்லாம் புண். இருந்தாலும் அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நான் படியில் இறங்கி வந்தேன். ஏழு மாடி.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை அப்புறம் எழுதுகிறேன்.

உன் தங்கை

*

மார்ச் 19

தங்கைக்கு,

நான் நலம், அதை விடு. டாக்டர் என்ன சொன்னார்? அப்புறம் என்றால் எப்போது? உடனே எழுது.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? எனக்கு ஒன்றுமில்லை.

டாக்டரம்மா சொன்னது இதுதான். மருந்து கேட்கவில்லை. இன்னும் ஒரு மருந்து இருக்கிறது, வேண்டுமென்றால் ஏற்றலாம், ஆனால் பிழைக்க வைக்கும் என்று அவர் சொல்லமாட்டார். கொஞ்ச நாள் கூடலாம். அந்த நாளெல்லாம் ஊசியும் வாந்தியுமாகப் போகும். இல்லையென்றால் வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துச் சொல்கிற விஷயமா இது? ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதியில் விடக்கூடாது என்று நீ எழுதியதும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. பாப்பாவிடம் சத்து மருந்து என்று சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் கதை வாசிக்க உட்கார்ந்தேன். அந்தப் பெண் புது வீட்டுக்குத் திரை வாங்குகிறாள் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பாப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"அம்மா, அந்தப் பொண்ணுக்கு வியாதி திரும்பி வருதுல்ல?"

"அப்படி ஒண்ணும் போடல."

"வருதும்மா. வந்ததும் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களா, ஆஸ்பத்திரியிலயே வெச்சுக்கிறாங்களா?"

பக்கத்தைத் திருப்பினேன். எதிர்ப் பக்கத்தில் என்ன இருந்தது என்றுகூடத் தெரியவில்லை, எழுத்தெல்லாம் எனக்கும் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"புஸ்தகத்துல தேடாதம்மா. அதுல இருக்காது. நீயே சொல்லு."

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்தப் பையனோட அம்மா வந்து, சட்டைக்கு முதல்ல காலர்தான் இஸ்திரி போடணும், அப்புறம்தான் தோள்பட்டைன்னு அரை மணி நேரம் பேசினாங்களே, அப்ப இருந்து. அந்தக் கதையில யாரப் பாத்தாலும் இஸ்திரி போட்டுக்கிட்டே இருக்காங்கம்மா. டாக்டர்கூடப் போடுறாரு."

சிரித்தோம் அக்கா. அவளுக்குச் சிரித்தால் உதட்டுப் புண் வெடிக்கும், கையால் வாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"நிஜத்துல அவ செத்துப் போறாளா?"

"ஆமா."

"எப்படி?"

"அழகா. ஜன்னல் பக்கம் சாஞ்சுக்கிட்டு. முடியெல்லாம் காத்துல பறக்குது."

"முடியா? பொய்க்காரங்க" என்றாள். "கூட்டிட்டுப் போறாங்களாம்மா?"

"கூட்டிட்டுப் போறாங்க" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். இத்தனை மாதமாக அந்த மூச்சைப் பிடித்துவைத்திருந்தாளோ என்னவோ.

அந்த இன்னொரு மருந்து வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். நம் மாடிப்படி குறுகல், நாற்காலி ஏறாது. பையன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். வளைவில் நின்று மூச்சு வாங்கினான். இவள் அவன் காதருகே குனிந்து, "மேலயா கீழயா?" என்றாள். அவன் சிரித்தான். நான் பின்னாலேயே மருந்துப் பையோடு ஏறினேன்.

திட்டாதே அக்கா. திட்டினாலும் எழுதித் திட்டு.

உன் தங்கை

*

ஏப்ரல் 9

தங்கைக்கு,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு எப்படி நலமாக இருப்பது?

இன்னும் ஒரு மருந்து இருக்கிறது என்று அவர்களே சொல்லியும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். பிள்ளை கேட்டாள் என்று. பிள்ளை ஆயிரம் கேட்கும். சின்ன வயதில் ஊசி வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாளே, இழுத்துக்கொண்டு போய்ப் போடவில்லையா நாம்? இப்போது மட்டும் ஏன் இழுக்கவில்லை? மருந்து அதிசயம் செய்யாது என்று எந்த டாக்டர் கண்டார்? நீ ஒருத்தியே முடிவு செய்திருக்கிறாய். என்னைக் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

மெஸ்ஸில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள். தராவிட்டால் போகட்டும், ரயிலேறுகிறேன். இரண்டு நாள் பயணம். நான் வருகிற வரைக்கும் அவளை விட்டு நகராதே. மீதியை நேரில் பேசிக்கொள்கிறேன்.

அக்கா

*

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தகவல் வந்தது. ரயிலில் கால் நீட்ட இடம் கிடைத்ததா? மெஸ்ஸில் மறுபடி சேர்த்துக்கொண்டார்களே, அதுவே பெரிது. நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எல்லாம் நடக்கிறது.

திட்டத்தான் வருகிறாய் என்று பயந்துகொண்டிருந்தேன். நீ வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் கட்டிலருகே உட்கார்ந்தாய், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் போன அன்றுகூட நீதான் எல்லாம் செய்தாய். நான் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், நீ இல்லையென்றால் நான் இல்லை.

போன வாரம் அவள் துணியெல்லாம் இஸ்திரி போட்டேன். எதற்கு என்று கேட்காதே. போட்டு மடித்து மறுபடி பெட்டியிலேயே வைத்தேன்.

பையன் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டான். ஏழாவது மாடி விளக்கு எரிந்தால் கை பொத்தானுக்குப் போக மாட்டேன் என்கிறதாம். சித்தப்பா வீட்டில் திட்டுகிறார்கள் போல. தினமும் சாயங்காலம் சலவைக் கடைக்கு வந்து மூட்டை மேல் உட்காருகிறான். நான் போர்வை மடித்தால் எழுந்து வந்து மறுமுனையைப் பிடிக்கிறான். முதலாளிகூட "யாரு இது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். நேற்று அவன் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகைப் பொசுக்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு துணியைப் பொசுக்கியதில்லை. இன்று வந்துவிட்டான். காய்ச்சலாம்.

அவன் இருக்கிறவரை எனக்கு ஒரு பிடி இருக்கிறது. முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஜூன் 16

என் தங்கைக்கு,

முழங்கால் பழையபடி. நீ சாப்பிடுவதாக எழுதியதைப் பாதி நம்புகிறேன்.

ஏப்ரலில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அவள் வீட்டில் எப்படிப் படுத்திருந்தாள் என்று பார்த்த பிறகு நான் என்னத்தைத் திட்ட? எல்லாம் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் வந்தால் மாடிப்படிச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள், உதட்டுக்கு எண்ணெய் தடவச் சொல்லி என்னை அதட்டுவாள். ஆஸ்பத்திரியில் அது நடந்திருக்குமா?

பையனைப் பற்றி எழுதியிருந்தாய். நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அவன் தினமும் வந்து மூட்டை மேல் உட்காருவது அவனுக்கு நல்லதா, உனக்கு நல்லதா? அவனுக்கு வயது பத்தொன்பது. நமக்கு மூட்டை மேல் உட்கார வயதாகிவிட்டது, அவனுக்கு ஆகவில்லை.

இன்னொன்று. கடைசிக்கு முதல் நாள் நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வரும்போது கதவுக்கு வெளியிலேயே அவள் சத்தம் கேட்டது. அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்தது என்று நின்றுவிட்டேன். "லூசா அவன்?" என்று உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தேன், நீ கண்ணைத் துடைத்தாய், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன பேசினீர்கள்? நான் இருந்தவரைக்கும் நீ சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம் என்றால் விடு. உனக்குள்ளேயே வைத்துப் புழுங்காதே, அவ்வளவுதான்.

உதவிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மூட்டை தூக்க, காய்கறி வாங்கிவர, கணக்குச் சொல்ல ஒரு ஆண் பிள்ளை இருந்தால் தேவலை என்று மேனேஜரே சொல்கிறார். சும்மா எழுதினேன்.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

சும்மா எழுதினேன் என்று நீ எழுதினால் அது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியாதா? படித்துவிட்டுக் கோபம்தான் வந்தது. கடிதத்தை மடித்துத் துணி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். அவன் அன்றைக்கும் வந்தான், போர்வையின் மறுமுனையைப் பிடித்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அப்புறமும் பல நாள் சொல்லவில்லை.

நீ கதவுக்கு வெளியே கேட்டது இதுதான். அன்றைக்கு அவளாகத்தான் கதை கேட்டாள். "அவ போயிடுறா. சரி. அந்தப் பையன் என்ன ஆறான்?" என்றாள். அவளுக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்று, "அவன் அவளையே நெனச்சுக்கிட்டு இருக்கான், யாரையும் ஏறெடுத்துப் பாக்கல, கடைசி வரைக்கும் அப்படியே இருந்துட்டான்" என்றேன். புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருந்தது. அவளுக்கு வந்ததே கோபம்.

"லூசா அவன்? வேற பக்கம் இல்லையா? திருப்பு."

திருப்பினேன். நீ உள்ளே வந்தாய், பேச்சு நின்றது. அப்புறம் நீ அடுப்படிக்குப் போனதும் என் விரலைப் பிடித்து, "ம், வாசி" என்றாள். நான் வாசித்தேன். அவன் வேற ஊருக்குப் போறான். நல்ல வேலை கிடைக்குது. கொஞ்ச நாள் யார்கூடயும் பேசல. அப்புறம் பேசுறான். அப்புறம் ஒரு பொண்ணு வரா. அவளைக் கல்யாணம் பண்ணிக்கிறான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவ பேரென்ன?" என்றாள்.

"பேரு போடல."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து காதுப் பக்கமாக வழிந்தது. நான் துடைக்கவில்லை. துடைத்தால் நான் பார்த்தது தெரிந்துவிடுமே.

அதைத்தான் உன்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் அதன்படி செய்ய வேண்டியிருக்கும். இவனும் போய்விட்டால், அவள் எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அவன் வருகிற நேரத்துக்காக மற்ற நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் சொன்னேன். "எங்க அக்கா மெஸ்ஸுல ஆள் வேணுமாம். போறியா?" என்றேன். "நீங்க தனியா இருப்பீங்களேம்மா" என்றான். "எனக்கென்ன, கடை இருக்கு, சட்டை இருக்கு" என்றேன். "பாப்பா என்ன சொல்லுவா?" என்று கேட்டான். அவள் சொன்னதை அவனிடம் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இந்த வயதில் ஒருவனை, நீ இப்படித்தான் வாழ வேண்டும் என்று அவள் பெயரைச் சொல்லிக் கட்டிப்போடுவதும் பாவம்தான். "கெளம்புன்னுதான் சொல்லுவா" என்று மட்டும் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். இவன் பிரிக்கிற ஆள் இல்லை.

உருளைக்கிழங்கு உரிக்கத் தெரியாது, சொல்லிக் கொடு. காலையில் எழுப்பினால்தான் எழுவான். இரண்டு சட்டைதான் வைத்திருந்தான், இன்னும் இரண்டு தைத்து, இஸ்திரி போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். இவை இரண்டும் அவன் தோளுக்கு அளவெடுத்துத் தைத்தவை. அவளைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவனாகச் சொன்னால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேள். துக்க வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்தாதே, தப்பு செய்தால் திட்டு, உன் வாய்க்கு அவன் பழகிக்கொள்வான்.

அப்புறம், என்றைக்காவது ஒரு நாள், தண்ணீர்க் குழாய் பக்கமோ கடை வாசலிலோ, யாரோ ஒரு பெண்ணோடு நின்று அவன் சிரித்துப் பேசுவதை நீ பார்த்தால், உடனே எனக்கு எழுதாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

ஆனால் எழுது.

உன் தங்கை